கலைச்சொல் வேண்டும்: வாசிக்கும்போது 'சொல்லாததை எடுத்துக்கொள்வதும்' அதைச் சரிபார்ப்பதும்

மொரீஷியஸின் வாக்வா ஊர் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஏழாம், எட்டாம் வகுப்புத் தமிழ் ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பனுவலில் சொல்லியிருப்பதை வைத்துச் சொல்லாததை எடுத்துக்கொள்வது எப்படி, எடுத்துக்கொண்டது சரிதானா என்று பார்ப்பது எப்படி, இவை இரண்டும்தான் கையேடு முழுவதும். முதல் வேலைக்குப் பிரெஞ்சில் 'ஏன்ஃபெரான்ஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். தமிழில் நான் பக்கத்துக்கு ஒரு சொல் போட்டு வைத்திருக்கிறேன், அது சரியில்லை.

வகுப்பில் நான் கொடுக்கும் பகுதி இது: "அம்மா ஜன்னலுக்குப் பலகை அடித்தார். அப்பா மெழுகுவர்த்தி வாங்கி வந்தார். அண்ணன் பாத்திரங்களில் எல்லாம் தண்ணீர் பிடித்து வைத்தான்." என்ன நடக்கப்போகிறது என்று கேட்டால் மொரீஷியஸ் பிள்ளைகள் எல்லாரும் 'சூறாவளி' என்பார்கள். எந்தச் சொல்லைப் பார்த்துச் சொன்னாய் என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. 'ஊகி' என்று சொன்னால் மனத்துக்கு வந்ததைச் சொல்கிறார்கள். 'கருத்தை எழுது' என்று சொன்னால் பனுவலில் உள்ள வரியை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலைக்குத்தான் பெயர் தேவை.

ரோஸ் ஹில்லிலிருந்து:

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. உய்த்துணர்தல். நன்னூல் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் கடைசி உத்தி 'உய்த்துணர வைப்பு'. தொல்காப்பிய மரபியலிலும் 'உய்த்துக்கொண்டு உணர்தல்' உண்டு. நூலாசிரியன் எல்லாவற்றையும் சொல்லிவிட மாட்டான், படிப்பவன் கொண்டுபோய் உணர வேண்டும் என்று இலக்கணமே விதித்திருக்கிறது.

உய்த்தல் என்றால் செலுத்துதல், கொண்டுசேர்த்தல். 'அடக்கம் அமரருள் உய்க்கும்' என்பதில் வருவது இதே வினைதான். அறிவுடைமை அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். 422ஆம் குறளில் மனத்தைப் போன போக்கில் விடாமல் 'நன்றின்பால் உய்ப்பது அறிவு'. அடுத்த குறளிலேயே யார் சொல்லக் கேட்டாலும் 'மெய்ப்பொருள் காண்பது அறிவு'. உங்கள் கையேட்டின் இரண்டு வேலைகளும் அடுத்தடுத்த குறள்களில் நிற்கின்றன. மனத்தைச் செலுத்து, பிறகு மெய்யா என்று பார். இதைவிட என்ன வேண்டும்?

குவாத்ர் போர்னிலிருந்து:

ஐயா, குறள் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் என் பிள்ளைகள் 'உய்த்துணர்' என்பதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் கேள்வியையே மறந்துவிடுவார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் அவர்களுக்கு வாரத்தில் சில பாடவேளை மட்டுமே. அதே அதிகாரத்தின் 424ஆம் குறளையும் சேர்த்துப் படியுங்கள்: 'எண்பொருள வாகச் செலச்சொல்லித் தான்பிறர்வாய் நுண்பொருள் காண்ப தறிவு'. எளிதாகச் சொல்வதை வள்ளுவர் முதலில் வைத்திருக்கிறார்.

என் பரிந்துரை 'துப்பறிதல்'. பனுவலில் உள்ள தடயம் துப்பு, அதிலிருந்து அறிவது துப்பறிதல். இந்தச் சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், துப்பு எங்கே என்று தாங்களே தேடுகிறார்கள்.

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து:

துப்பு என்றால் உணவு, வலிமை. 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்று பள்ளியில் மனப்பாடம் செய்யாதவர் உண்டா? உளவு என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. எச்சில் துப்புவதும் அதே ஒலிதான், வகுப்பில் பையன்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். தவிர, துப்பறிதல் என்றால் குற்றவாளி ஒருவன் இருக்க வேண்டும். தாய் மகளை ஏன் கட்டிப்பிடித்தாள் என்று உணர்வதைத் துப்பறிதல் என்று எப்படிச் சொல்வது?

ஊகம் வேண்டவே வேண்டாம். அது வடமொழி ஊஹம். தமிழில் ஊகம் என்று ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அது குரங்கு. மரபியலில் 'குரங்கும் முசுவும் ஊகமும்' என்று வருவதைக் காண்க. ஊகம் என்று ஒரு புல்லும் உண்டு. அனுமானமும் வடசொல் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தூய தமிழில் கருதல் இருக்கிறது. மணிமேகலையில் அளவைவாதி ஒன்றை அறியும் வழிகளைக் 'காண்டல் கருதல் உவமம் ஆகமம்' என்று அடுக்கத் தொடங்குகிறானே, அந்தக் கருதல். கருதலளவை என்று சைவ நூல்களில் இன்றும் வழங்குகிறது.

வாக்வா ஆசிரியை:

கருதல் எனக்கும் பிடித்திருக்கிறது, ஐயா. ஆனால் 'நீ என்ன கருதுகிறாய்' என்று கேட்டால் பிள்ளை தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறான். இன்றைய தமிழில் கருதுவதற்குச் சான்று தேவையில்லை. எனக்கு வேண்டியது சான்றோடு கட்டிய சொல்.

மணிமேகலையை எடுத்ததற்கு நன்றி. அதே பட்டியலில் வரும் அருத்தாபத்திக்கு அளவைவாதி காட்டும் எடுத்துக்காட்டை நேற்று இரவு திரும்பப் படித்தேன். 'கங்கையில் ஆய்க்குடி இருக்கிறது' என்றால் கங்கைக் கரையில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது. ஆற்று நீருக்குள் இடையர் குடியிருக்க முடியாது என்பது நமக்கு முன்பே தெரியும். பனுவல் சொன்னதும் நமக்குத் தெரிந்ததும் சேர்ந்தால் 'கரையில்' என்று வருகிறது. இதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே வைக்கப்போகிறேன். அருத்தாபத்தி என்ற சொல்லை மட்டும் பிள்ளைகளிடம் கொண்டுபோக மாட்டேன்.

டர்பனிலிருந்து:

உங்கள் சூறாவளிப் பகுதியை இங்கே ஞாயிறு வகுப்பில் வாசித்துக் காட்டினேன். மெழுகுவர்த்தி என்றதும் பிள்ளைகள் சொன்னது மின்வெட்டு! தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங்கோடு வளர்ந்த பிள்ளைகள், வேறு என்ன சொல்வார்கள்? அப்புறம், ஜன்னலுக்குப் பலகை எதற்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து ஒரு பெண் 'திருடன் வராமல் இருக்க' என்றாள். மெழுகுவர்த்திக்கு மின்வெட்டு பொருந்துகிறது, பலகைக்குத் திருடன் பொருந்துகிறான், மூன்றுக்கும் சேர்த்துப் பொருந்துவது எது என்று கேட்ட பிறகுதான் காற்று என்று வந்தது.

வாக்வா ஆசிரியை:

நான் தேடிக்கொண்டிருந்த பாடம் இதுதான். என் பிள்ளைகள் சரியான விடை சொன்னார்கள், ஆனால் சரிபார்த்துச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகள் தவறாகத் தொடங்கிச் சரிபார்த்து வந்து சேர்ந்தார்கள். எல்லா வரிக்கும் பொருந்துகிறதா, வேறு விளக்கம் ஏதாவது இதைவிட நன்றாகப் பொருந்துகிறதா, பின்னால் வரும் வரி இதை மறுக்கிறதா? இந்த மூன்று கேள்விகளையும் கையேட்டில் சேர்க்கிறேன். விடை சரி என்பதால் மட்டும் மதிப்பெண் போட்டுவிடக் கூடாது என்றும் ஆசிரியர்களுக்கு அழுத்திச் சொல்லப்போகிறேன்.

ரீயூனியன், சேந்த் ஆந்த்ரேயிலிருந்து:

நான் பெரியவனான பிறகு தமிழ் கற்றவன், பிழை இருந்தால் பொறுக்கவும். எங்களுக்கு முருங்கைக்கீரை 'ப்ரேத் மூரூம்'. பீர்க்கங்காய் 'பிபங்காய்'. பாடத்தில் முருங்கை வந்ததும் என் மகள் 'மூரூம்' என்று தானே கண்டுபிடித்தாள். இதுவும் நீங்கள் பேசும் அந்த வேலைதானா?

ரோஸ் ஹில்லிலிருந்து:

தம்பி, அது சொல்லை அடையாளம் காண்பது. உய்த்துணர்தல் அதற்கு அடுத்த படி. ஆனால் நீங்கள் அருமையான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். நம் இரண்டு தீவிலும் சமைக்கும் 'ருகாய்' ஊறுகாயிலிருந்து வந்தது என்பதைப் பலரும் ஏற்பார்கள். பெயர் தமிழ், பண்டம் இப்போது தக்காளி போட்டு அடுப்பில் செய்வது. 'சென்ற ஆண்டு பாட்டி போட்ட ஊறுகாயை ஜாடியிலிருந்து எடுத்தாள்' என்று ஒரு பிள்ளை படிக்கிறான் என்று வையுங்கள். ஒலியை வைத்து ருகாய் என்று எடுத்துக்கொள்வான். 'சென்ற ஆண்டு' என்ற சொல்லும் 'ஜாடி' என்ற சொல்லும் அவனைத் தடுக்க வேண்டும். ருகாய் ஓராண்டு தாங்குமா? கறி, மூரூம், ருகாய் மூன்றையும் வைத்துத் தனிக் கட்டுரையே எழுதலாம். மூரூமில் முருங்கையின் ஐகாரம் எங்கே போயிற்று என்பது எனக்கு நெடுநாள் கேள்வி.

குவாத்ர் போர்னிலிருந்து:

ஐகாரத்தைப் பிறகு தேடுவோம், ஐயா. ஆசிரியர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்றைக் கையேட்டில் சேர்க்கச் சொல்கிறேன். 'கதவைத் திறந்தாள். நனைந்த குடையை மூலையில் வைத்தாள்.' வந்தவர் பெண் என்பதை -ஆள் விகுதி சொல்லிவிடுகிறது, எழுவாயே தேவையில்லை. கிரியோலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 'லி'. அந்தப் பழக்கத்தில் நம் பிள்ளைகள் விகுதியைக் கண்ணால் கடந்துபோய்விடுகிறார்கள். வெளியே மழை என்று உடனே சொல்வார்கள், வந்தது யார் என்றால் 'அப்பா' என்பார்கள். மழை உலகறிவிலிருந்து வருகிறது, பெண் என்பது இலக்கணத்திலிருந்து வருகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பயிற்ற வேண்டும்.

பிரிட்டனில் ஜேன் ஓக்ஹில், கேட் கெய்ன் இருவரும் செய்த ஆய்வுகளும் இதற்குப் பக்கத்தில்தான் வருகின்றன. சொற்களைத் தடையில்லாமல் வாசிக்கும் பிள்ளைகளிலும் ஒரு பகுதியினர் இப்படி இணைத்துப் பார்ப்பதில் பின்தங்குகிறார்கள் என்று காட்டினார்கள். நாம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு 'நன்றாகப் படிக்கிறான்' என்று திருப்திப்படுகிறோமே, அது எனக்கு வருத்தம் தருகிறது.

அப்புறம் சொல். எனக்கு 'ஊகித்தல்' போதும். குரங்கு, புல் எல்லாம் நிகண்டில் இருக்கட்டும்.

ரோஸ் ஹில்லிலிருந்து:

'போதும்' என்ற சொல்லால்தான் நாம் ஒவ்வொன்றாக இழந்தோம். 1998இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே இறங்கியபோது 'போதும்' என்று நாம் இருக்கவில்லை. அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்தோம்.

குவாத்ர் போர்னிலிருந்து:

அதில் எனக்கும் பெருமைதான், ஐயா. ஆனால் அந்த நோட்டில் இருக்கும் தமிழை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று எத்தனை பேர்? நான் அவர்களுக்காகப் பேசுகிறேன்.

சேந்த் ஆந்த்ரேயிலிருந்து:

'வரிகளுக்கிடையே படித்தல்' ஆகாதா? பிரெஞ்சில் அப்படித்தான் சொல்கிறோம்.

டர்பனிலிருந்து:

அது பிரெஞ்சுச் சட்டையைத் தமிழுக்கு மாட்டுவது. தமிழில் இதற்குக் 'குறிப்பறிதல்' என்று குறளில் இரண்டு அதிகாரமே இருக்கிறது. 'கூறாமை நோக்கிக் குறிப்பறிவான்' என்பதில் சொல்லாததை அறிவது அப்படியே வந்துவிட்டது.

வாக்வா ஆசிரியை:

குறிப்பு என்றால் பள்ளியில் 'குறிப்பெடு' என்பதுதான் நினைவுக்கு வரும். குறிப்பறிதல் முகத்தைப் பார்த்து அறிவதற்கு நன்றாகப் பொருந்தும், பனுவலுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது.

நேரம் ஆகிவிட்டதால் நான் முடிவெடுத்துவிட்டேன். பிள்ளைகள் கையில் போகும் பயிற்சித்தாளில் 'சான்றோடு ஊகித்தல்'. சான்று என்ற சொல் ஒவ்வொரு கேள்வியிலும் வரும், அதை விட்டு ஊகம் தனியாக எங்கும் வராது. ஆசிரியர் பகுதியில் 'உய்த்துணர்தல்', அதற்கு நன்னூல் உத்தியும் மூன்று குறள்களும் விளக்கமாக இருக்கும். இலங்கைக் கணித நூல்களில் 'உய்த்தறிக' வழக்கில் இருப்பதால் மேல் வகுப்புக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு அந்த வேர் உதவும். இரண்டாவது வேலைக்கு எளிமையாகச் 'சரிபார்த்தல்'. பெரும்பாலானோர் இதற்குச் சரி சொல்லியிருக்கிறீர்கள், களைத்துப்போய்ச் சொன்னீர்களோ என்னவோ.

டர்பனிலிருந்து:

சரிபார்த்தல் கணக்கனின் வேலை. 'தேறற்க யாரையும் தேராது' என்ற குறளை வைத்துத் 'தேர்ந்து தெளிதல்' என்று போட்டிருக்கலாம். இங்கே என் வகுப்பில் 'உய்த்துணர்தல்', 'தேர்ந்து தெளிதல்' என்றே சொல்லிக்கொடுப்பேன். பிள்ளைகள் வாயில் நுழைகிறதா இல்லையா என்று எழுதுகிறேன்.

ரோஸ் ஹில்லிலிருந்து:

நானும் டர்பன் பக்கம்தான். அச்சுக்குப் போனது போகட்டும், அடுத்த பதிப்பில் பேசுவோம்.

சேந்த் ஆந்த்ரேயிலிருந்து:

கையேட்டில் 'முன்னறிவு' என்று ஒரு சொல் பார்த்தேன். வாசிக்கும் முன்பே நமக்குத் தெரிந்திருப்பதா, இனி வரப்போவதை முன்கூட்டி அறிவதா? என் அகராதியில் இரண்டும் இருக்கின்றன.