பாகற்காய் மாம்பழச் சட்னி ஐந்தாம் நாளே நுரைத்துவிட்டது, எங்கே தப்பு செய்தேன்?

வெந்தயக்கீரை:
வணக்கம். போன வாரம் வீட்டில் அரைக் கிலோ பாகற்காயும் நன்றாகப் பழுத்த பங்கனப்பள்ளி இரண்டும் கிடந்தன. மாமனாருக்குப் பாகற்காய் இருந்தால்தான் சோறு இறங்கும், பிள்ளைகள் அதைக் கண்டாலே தட்டை நகர்த்திவிடுவார்கள், சரி இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டுமே என்று காரமும் இனிப்புமாகச் சட்னி கிளறினேன். இட்லிக்கு அரைக்கிற சட்னி இல்லை, தொக்கு மாதிரி கிளறிப் பாட்டிலில் போட்டு வைப்பது.

காயைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் லேசாக வதக்கிவிட்டு, புளித்தண்ணீர், மாம்பழக் கூழ், மிளகாய்த்தூள், 100 கிராம் வெல்லம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டி 15 நிமிடம் கொதிக்கவிட்டேன். மூன்று கோளாறு. காய் வேகவே இல்லை, ரப்பர் மாதிரி கடிபடுகிறது. வாயில் வைத்ததும் இனிப்பு, அப்புறம் தனியாக ஒரு கசப்பு, இரண்டும் ஒட்டவே இல்லை. ஐந்தாம் நாள் பாட்டிலைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று வந்தது, மேலே நுரை, கள் வாடை. பாட்டில் வெளியில்தான் இருந்தது. மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகுமா? கசப்பை மொத்தமாக எடுக்க வழி உண்டா?

கல்சட்டி:
முதலில் அந்தப் பாட்டிலைக் காலி பண்ணுங்கள் அம்மா, கொதிக்கவைத்தெல்லாம் பார்க்க வேண்டாம்.

காய் வேகாததற்குக் காரணம் நீங்கள் போட்ட வரிசை. புளியும் வெல்லமும் முன்னாலேயே போய்விட்டால் எந்தக் காயும் விறைத்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அந்த ரப்பர் போகாது. பாகற்காயை உப்பும் மஞ்சள்தூளும் போட்டுப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள், விட்ட தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு, நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் புளி, அது பச்சை வாசனை போனபிறகு பழம், கடைசியில் வெல்லம்.

கசப்பை மொத்தமாக எடுக்க வேண்டும் என்றால் பாகற்காய் எதற்கு? புடலங்காயில் செய்துவிட்டுப் போகலாமே. நாலு தடவை உப்பில் ஊறவைத்துப் பிழிந்தால் மிஞ்சுவது சக்கை. கசப்பு அடியில் நின்றால்தான் வெல்லமும் புளியும் எடுபடும். பிள்ளைகளுக்காக என்றால் வெளிர் பச்சையாக நீளமாக இருக்கிற காயாகப் பார்த்து வாங்குங்கள். மிதிபாகல் என்கிற குட்டிப் பாகற்காய் இதற்கு ஆகாது, அதை முழுசாகப் பொரித்துச் சாப்பிட வேண்டும். உள்ளே விதை சிவந்திருந்தால் காய் பழுக்க ஆரம்பித்துவிட்டது, வதக்கினால் கூழாகிவிடும்.

மங்களூர்ப்பக்கம்:
அக்கா சொன்ன வரிசை சரி, ஆனால் பழமே தப்பு என்பது என் கட்சி. பங்கனப்பள்ளி பழுத்துவிட்டால் வெறும் இனிப்பும் தண்ணீரும்தான், புளிப்பு பெயருக்குக்கூட இருக்காது. பாகற்காயின் கசப்போடு மல்லுக்கட்டப் புளிப்பும் இனிப்பும் சேர்ந்த பழம் வேண்டும். செங்காயாக இருக்கிற மாங்காய் போடலாம், அதைவிட அன்னாசி.

நான் மங்களூர் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இங்கே உடுப்பி, மங்களூர் பக்கத்து வீடுகளில் மெணஸ்காய் என்று ஒன்று செய்வார்கள். பாகற்காயிலும் செய்வார்கள், அன்னாசியிலும் செய்வார்கள், மசாலா ஏறக்குறைய ஒன்றேதான். வெள்ளை எள், உளுத்தம்பருப்பு, கொஞ்சம் வெந்தயம், பேடகி மிளகாய் எல்லாம் வறுத்துத் தேங்காயோடு அரைத்து, புளியும் வெல்லமும் சேர்த்துக் கொதிக்கவிடுவது. ஒரே மசாலாதானே, காயையும் பழத்தையும் ஒரே சட்டியில் போட்டால் என்ன என்று ஒருநாள் போட்டேன், அதிலிருந்து எங்கள் வீட்டில் தனித்தனியாகச் செய்வதே இல்லை. இனிப்பும் கசப்பும் ஒட்டவில்லை என்றீர்களே, நடுவில் நின்று ஒட்டவைப்பது அந்த எள்ளு.

பாட்டிலில் வைக்கிற மாதிரி வேண்டுமென்றால் தேங்காயை விட்டுவிடுங்கள், இரண்டே நாளில் அதுதான் முதலில் ஊசும். என் அளவு: பாகற்காய் 250 கிராம், நறுக்கிய அன்னாசி 300 கிராம், எலுமிச்சை அளவு புளி, வெல்லம் 125 கிராம், நல்லெண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி. எள் இரண்டு மேசைக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மிளகாய் பன்னிரண்டு, மூன்றையும் வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவுங்கள். வெந்தயம் கருகிவிட்டால் அது வேறொரு கசப்பு, அதைப் பாகற்காய் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்று, தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்வதாக இருந்தால் அன்னாசி நன்றாக வெந்திருக்க வேண்டும். பச்சை அன்னாசியைத் தயிரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் தயிரே கசக்கும், வெந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஊறுகாய்ப்பித்தன்:
நுரை விஷயத்துக்கு வருகிறேன். பழச் சர்க்கரையும் தண்ணீரும் தாராளமாக இருக்கிற இடத்தில் ஈஸ்ட் புகுந்தால் நொதித்துத்தான் தீரும், கள் வாடையும் காற்றும் அதுதான். 15 நிமிடம் போதவே போதாது. அகலமான சட்டியில் முக்கால் மணி நேரமாவது கிளறி, கரண்டியால் நடுவில் கோடு போட்டால் அது உடனே மூடாமல் நிற்க வேண்டும், எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வர வேண்டும். இறக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டால் புளிப்பு கூடும், கெடுவதும் தள்ளிப்போகும். புளி, வினிகர் எல்லாம் வருவதால் அலுமினியச் சட்டி வேண்டாம்.

கண்ணாடிப் பாட்டிலைத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கரண்டி ஆகவே ஆகாது. எங்கள் வீட்டில் ஒரு தடவை முழுப் பாட்டிலும் போனது விருந்தாளி ஒருவர் சாம்பார்க் கரண்டியையே விட்டு எடுத்ததால்தான், இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. இவ்வளவு செய்தாலும் இது ஆவக்காய் இல்லை, ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிடுங்கள். பூண்டு போடும் ஆசை இருந்தால் அன்றன்றைக்குத் தனியாகத் தாளித்துச் சேருங்கள், எண்ணெயில் மூழ்கிய பூண்டை நாள்கணக்கில் வெளியில் வைப்பது ஆபத்து.

கல்சட்டி:
மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறதா? இருந்தால் பாகற்காய் என்ற பெயரை நம்பி அவர் தட்டில் அள்ளி வைத்துவிடாதீர்கள். வெல்லமும் சர்க்கரைதான். அவருக்குக் கொஞ்சம் வறுவல் தனியாக எடுத்து வையுங்கள்.

வெந்தயக்கீரை:
எல்லோருக்கும் நன்றி. சர்க்கரை இருக்கிறது, மாத்திரையும் போடுகிறார், அதனால் அக்கா சொன்னபடி வறுவல் எடுத்து வைத்தேன். நேற்று அன்னாசி போட்டு, எள்ளுப்பொடி தூவி, வரிசை மாறாமல் கிளறினேன். கை வலித்து 35 நிமிடத்தில் இறக்கிவிட்டேன், கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கிறது, ஆனால் காய் நன்றாக வெந்துவிட்டது. பெரியவன் தோசைக்குத் தொட்டுத் தின்றுவிட்டு இது என்ன காய் என்று கேட்டான், அன்னாசி என்று சொல்லிவைத்தேன். சின்னவள் மட்டும் அன்னாசியைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் பாகற்காயைத் தட்டோரமாக வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். மாமனார் வறுவலையும் தின்றுவிட்டு அதையும் எடுத்துத் தின்றுவிட்டார்.

ஊறுகாய்ப்பித்தன்:
தளர்வாக இருந்தால் இன்றைக்கே திரும்பச் சட்டியில் போட்டு இன்னும் பத்து நிமிடம் கிளறிவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பாட்டிலையும் திரும்பக் கொதிக்கவைக்க வேண்டும்.