மண்டபத்தின் தகரக் கூரை ஒழுகுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் கடலுக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் எங்கள் கோயில் திருமண மண்டபம். கூரை 2009இல் போட்டது: அலுமினியம்-துத்தநாகப் பூச்சு எஃகுத் தகடு, 0.48 மில்லிமீட்டர், முகட்டிலிருந்து ஓரம்வரை ஒரே நீளமாக 30 மீட்டர், சரிவு மிகக் குறைவு. ஸ்குரூ எல்லாம் தகட்டைத் துளைத்தே இறங்குகிறது.

2021இலிருந்து ஒழுகல். வெயில் ஏறும்போது கூரை படபடவென்று சத்தம் போடும். ஏறிப் பார்த்தால் ஓரத்தில் ஸ்குரூ துளைகள் நீள்வட்டமாக விரிந்திருக்கின்றன. கணக்குப் போட்டேன்: 40 டிகிரி சூடு கூடினால் 30 மீட்டர் எஃகு சுமார் 14 மில்லிமீட்டர் நீளும். அந்த அசைவுதான் துளையை அறுக்கிறது என்று நினைக்கிறேன். பக்கத்துப் பக்கத்துத் தகடுகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் துருவும் இருக்கிறது, உப்புக்காற்று வேறு.

இரண்டு முறை சிலிக்கோன் பசை பூசினோம், ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ரப்பர் வாஷரோடு பெரிய ஸ்குரூ மாற்றினோம், எட்டு மாதத்தில் மறுபடி ஒழுகியது. நீர்காப்புப் பெயின்ட் உரிந்து வந்துவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் மணவறைக்குப் பக்கத்திலேயே வாளி வைத்தோம், மனசு கேட்கவில்லை.

துளை போடாமல் கிளிப்பில் பிடிக்கும் புதுத் தகட்டைப் பழையதன் மேலேயே ஏற்றலாமா, இல்லை பழையதை முழுக்கக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?