மறு: சீரோடெர்மா பிக்மென்டோசம், தமிழில் என்ன பெயர்?

அன்பின் நண்பர்களுக்கு,

தோலும் கண்ணும் வெயிலைத் தாங்காத பரம்பரை நோயான சீரோடெர்மா பிக்மென்டோசம் பற்றிப் பெற்றோருக்கான துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் தேடுகிறோம். இதுவரை வந்த சொற்களுக்கு என் பதில்.

> 'நிறமிசார் வறள்தோல்'. மூலச் சொல்லின் நேர்ப்பொருள் இதுதான்.

உண்மைதான், ஐயா. ஆனால் 1870களில் வியன்னாவில் தோல் வைத்தியர் கபோசி தோலைப் பார்த்து விவரித்த காலத்துப் பார்வை அது. வெயிலில் உள்ள கழியூதாக் (புறஊதாக்) கதிர் டீஎன்ஏயில் உண்டாக்கும் சேதத்தை இந்நோயாளரின் கலங்கள் (செல்கள்) செப்பனிட முடியாமல் நிற்கின்றன என்று 1968இல் ஆய்வாளர் கிளீவர் காட்டிவிட்டார். வறட்சி என்று பெயர் வைத்தால், எங்கள் கடற்கரையூரான உப்புவெளியில் ஒரு தாய் பிள்ளைக்குத் தேங்காயெண்ணெய் பூசிக் கடற்கரையில் விளையாட விட்டுவிடுவாள்.

> 'வெயிற்காய் நோய்'. காய்தலுக்கு உலர்தல், எரித்தல் இரண்டும் பொருள். குறளிலும் எலும்பில்லாத உயிரை வெயில் காய்கிறது.

அழகான பொருத்தம். ஆனால் பேச்சில் 'வெயில் காய்வது' இதமான காரியம். செய்யக்கூடாததையே பெயர் சொல்லிவிடும்.

> 'வெயில் ஒவ்வாமை' என்றால் எல்லாருக்கும் விளங்குமே, டீச்சர்.

இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஒவ்வாமை என்றால் மாத்திரையில் மாறிவிடும் என்று நினைப்பார்கள். இதை முற்றாக மாற்றும் மருந்து இல்லை. காப்புத்தான் வைத்தியம்: நீளக்கைச் சட்டை, அகலத் தொப்பி, கழியூதாவைத் தடுக்கும் கண்ணாடி, சன்ஸ்கிரீன், கண்ணுக்கு ஈரச் சொட்டுமருந்து, வெயில் படாததால் குறையும் விட்டமின் டியை ஈடுசெய்தல். புதிதாக எழும் கட்டியையும் ஆறாத புண்ணையும் பிந்தாமல் காட்டி வெட்டியெடுக்க வேண்டும். கண் கூசும், முன்படலம் மங்கும். கண் கிளினிக்கைத் தவறவிடக் கூடாது.

என் தெரிவு 'வெயில்தாங்காப் பரம்பரை நோய்'. பரம்பரை என்பதை விடமுடியாது. தாய், தகப்பன் இருவரிடமும் வெளித்தெரியாமல் இருக்கும் பழுதான பரம்பரையலகு (ஜீன்) இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வரும். எங்கள் பக்கத்தில் மச்சான் மச்சாள் கலியாணம் வழமை, ஒரே குடும்பத்துப் பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்புக் கூட.

திருகோணமலை

---

டீச்சரின் சொல்லுக்கு என் வாக்கு. ஒலிபெயர்ப்பையும் பக்கத்தில் போடுங்கள், கிளினிக் கொப்பியில் இருக்கும் பெயரைத் தாய் அடையாளம் காணவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே தமிழில் மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீனே கெமிஸ்ட்ரியைக் 'கெமிஸ்தம்' என்று எழுதக் கூசவில்லை.

மானிப்பாய்

---

வெயில் போதாது. மப்பான நாளிலும் புறஊதாக் கதிர் இறங்கும், சில விளக்குகளிலும் உண்டு. வெயில் இல்லாத நாளில் தொப்பியைக் கழற்றலாம் என்று அந்தப் பெயரே சொல்லித்தரும். 'கதிர்தாங்கா' என்பதே சரி. பெரும்பான்மை வெயில் பக்கம் போனாலும் என் மறுப்பு மறுப்புத்தான்.

சென்னை