எங்கள் குடும்பக் குழுவில் ஐம்பதாவது எஞ்சின்

*சனிக்கிழமை*

அண்ணன் (டார்லிங்டன், இங்கிலாந்து), இரவு 8:52
பெரியப்பா, இன்று மதியம் இங்கே ஹோப்டவுன் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். அதை ஒட்டிய பட்டறையில் எட்டுப் பெரிய சக்கரங்கள் கொண்ட நீராவி எஞ்சின் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சக்கரமும் 6 அடி 2 அங்குல விட்டம், அதாவது என்னைவிட உயரம். பழைய எஞ்சினைப் புதுப்பிக்கும் வேலை என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். அந்த வகையில் ஒன்றுகூட உலகத்தில் மிச்சமில்லை, அதனால் முதல் தகட்டிலிருந்து புதிதாகச் செய்கிறார்கள் என்று தெரிந்ததும் உங்கள் நினைவுதான் வந்தது.

அத்தை, இரவு 9:04
படம் பார்த்தேன் தம்பி. ஒன்றுகூட மிச்சமில்லை என்றால் எதைப் பார்த்து அளவெடுக்கிறார்கள்? அண்ணா இந்நேரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், கை கழுவிவிட்டு வந்து நிச்சயம் கேள்வி கேட்பார்.

அண்ணன், இரவு 9:31
அத்தை, இதே அமைப்பினர் முன்பே ஒரு எஞ்சினை முழுதாகக் கட்டி ஓடவிட்டிருக்கிறார்கள். அந்தக் கதையிலிருந்து சொன்னால்தான் புரியும். பெப்பர்கார்ன் என்ற தலைமைப் பொறியாளர் வடிவமைத்த ஏ1 வகை எஞ்சின்கள் 1948, 1949-ஆம் ஆண்டுகளில் டான்காஸ்டரிலும் இந்த டார்லிங்டனிலுமாக 49 கட்டப்பட்டன. டீசல் எஞ்சின்கள் வந்ததும் பதினைந்து பதினாறு வயதிலேயே அவற்றை வரிசையாக உடைத்தார்கள். கடைசியாக எஞ்சியிருந்த 60145 எண் எஞ்சினைக் காப்பாற்றச் சிலர் முயன்றும் கைகூடவில்லை. 1966-இல் அதுவும் பழைய இரும்பாகப் போயிற்று. 1990-இல் சில ஆர்வலர்கள் கூடி, இல்லாமல் போனதைத் தேடிப் பயனில்லை, ஐம்பதாவதை நாமே கட்டுவோம் என்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். பழைய வரிசை 60162-இல் முடிந்திருந்ததால் புதியதற்கு 60163 என்று எண் கொடுத்து, டொர்னாடோ என்று பெயரும் வைத்தார்கள். அது 2008-இல் நீராவி ஏறி ஓடியது.

மாமா, இரவு 9:40
பதினெட்டு வருடம்! நம் தெரு முனைப் பாலத்தைவிட இரண்டு வருடம்தான் அதிகம். அது இருக்கட்டும், பணம் யார் கொடுத்தார்கள்? அரசாங்கமா?

அண்ணன், இரவு 9:48
பெரும்பகுதி பொதுமக்கள் பணம்தான், மாமா. வாரம் ஒன்றே கால் பவுண்டு, அதாவது அப்போதைய விலையில் ஒரு கோப்பை பீருக்கு ஆகும் காசு கொடுங்கள் என்று கேட்டே தொடங்கினார்கள். பிறகு நிறுவனங்களின் உதவியும் கடன் பத்திரங்களும் சேர்ந்தன. மொத்தச் செலவு சுமார் 30 லட்சம் பவுண்டு.

மாமா, இரவு 9:53
கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரிய தொகை கேட்காமல் சிறிய தொகையை நிறுத்தாமல் கேட்டதுதான் அதில் கெட்டிக்காரத்தனம். நம் ஊர்ச் சீட்டு நடத்துகிறவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரியப்பா, இரவு 10:10
தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தை கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. எதை வைத்து அளவெடுத்தார்கள்?

அண்ணன், இரவு 10:22
வரைபடங்களை வைத்துத்தான், பெரியப்பா. டான்காஸ்டர் பட்டறையின் மூல வரைபடங்கள் யார்க் நகரத்து தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, கணினியில் ஏற்றி, விடுபட்டவற்றைப் புதிதாக வரைந்து சேர்த்தார்கள். அடிச்சட்டத்துக்கான தகடுகளை 1994-இல் வெட்டினார்கள்.

*ஞாயிற்றுக்கிழமை*

பெரியப்பா, காலை 6:15
இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீலகிரி மலை ரயிலுக்காகத் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் 2011 முதல் 2014 வரை நான்கு புதிய எஞ்சின்கள் கட்டினோம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் 1914 முதல் செய்து அனுப்பப்பட்ட எக்ஸ் வகை எஞ்சின்தான் அதற்கு மூலம். கரிக்குப் பதிலாக எண்ணெயில் எரியுமாறு கட்டினோம். அந்த வகை அழிந்துபோகவில்லை. வரைபடத்தில் சந்தேகம் வந்தால் பழைய எஞ்சினிடமே போகலாம், காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்தால் அது பதில் சொல்லிவிடும். டார்லிங்டன்காரர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐம்பது அறுபது வருடம் மலை ஏறி இறங்கிய எஞ்சினில் எடுக்கும் அளவு, பிறந்தபோது இருந்த அளவு ஆகாது. தண்டைத் தாங்கும் புஷ் வளையம் தேய்ந்திருக்கும், ஊசி நெளிந்திருக்கும், யாரோ ஒரு ஃபிட்டர் எந்தக் காலத்திலோ அவசரத்துக்கு ஓட்டையைப் பெரிதாக்கி வைத்திருப்பார். அதை அப்படியே படியெடுத்தால், புதிய எஞ்சின் பிறக்கும்போதே கிழடாகப் பிறக்கும். காகிதத்துக்குத் தேய்மானம் இல்லை. அந்த வகையில் அவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

நான், காலை 7:20
பெரியப்பா, வரைபடத்தை அவர்களும் அப்படியே பின்பற்றவில்லை என்று படித்தேன். பழைய ஏ1 எஞ்சின்களின் கொதிகலன் ஆணியடித்து இணைத்தது, அதன் தீப்பெட்டி, அதாவது கரி எரியும் அறை, செம்பால் ஆனது. டொர்னாடோவுக்கு முழுவதும் எஃகிலேயே பற்றவைத்துச் செய்திருக்கிறார்கள். இன்றைய பாதைக்குரிய உயர வரம்புக்குள் அடங்க, மொத்த உயரத்தை ஓர் அங்குலம் குறைத்து 13 அடியாக்கியிருக்கிறார்கள். வழியில் தண்ணீர் பிடிக்க இப்போது வசதி இல்லாததால், கரியையும் தண்ணீரையும் சுமந்து பின்னால் வரும் டெண்டர் வண்டியில் கரிக்கான இடத்தைக் குறைத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். இவை போக ஏர் பிரேக், ரேடியோ, சிக்னலை மீறினால் தானாக நிறுத்தும் கருவி, வேகத்தைப் பதிவுசெய்யும் பெட்டி எல்லாம் உண்டு. இவ்வளவு மாற்றிய பிறகு அதை ஐம்பதாவது ஏ1 என்று சொல்வது நியாயமா? சாயல் ஒத்த வேறொரு எஞ்சின் என்றுதானே சொல்ல வேண்டும்?

அத்தை, காலை 7:45
நீ பொறியியல் படிக்கிறாய், நான் திருவாரூரில் பிறந்தவள். எங்கள் ஆழித்தேர் 1926-இல் தீப்பிடித்து எரிந்துபோனது. அதன்பின் புதிதாகச் செய்த தேரைத்தான் எங்கள் அம்மா பார்த்தார்கள், நாங்களும் பார்த்தோம். அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனத்திலிருந்து வந்தன. அதற்காக யாராவது அதை ஆழித்தேரின் நகல் என்று சொன்னதுண்டா? தியாகராஜர் ஏறினால் அது ஆழித்தேர்தான்.

மாமா, காலை 7:49
உன் அத்தையிடம் திருவாரூர்ப் பேச்சை எடுத்தால் இன்று எனக்குக் காபி கிடைக்காது.

அண்ணன், காலை 10:35
இங்கே இப்போதுதான் விடிந்திருக்கிறது. அத்தை சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். 2009 ஜனவரி 31 அன்று யார்க்கிலிருந்து நியூகாசில் வரை பிரதான பாதையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. 2017 ஏப்ரலில் ஓர் இரவுச் சோதனை ஓட்டத்தில் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டது. காட்சிக்கு வைக்கும் பொம்மையாக இருந்திருந்தால் உயரத்தில் அந்த ஓர் அங்குலத்தைக் குறைக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. பாதையில் ஓட வேண்டும் என்பதால்தான் மாற்றினார்கள்.

பெரியப்பா, காலை 11:20
கொதிகலனை யார் செய்தது?

அண்ணன், காலை 11:26
ஜெர்மனியில் மைனிங்கன் என்ற ஊரில் உள்ள பட்டறை. 2006-இல் வந்து சேர்ந்தது. அவ்வளவு பெரிய கொதிகலனைச் செய்ய பிரிட்டனில் தகுந்த இடம் அமையவில்லையாம். கிழக்கு ஜெர்மனியில் எண்பதுகளின் இறுதிவரை நீராவி எஞ்சின்கள் வேலை செய்ததால் அங்கே கைப்பழக்கம் விட்டுப்போகவில்லை.

பெரியப்பா, நண்பகல் 12:05
அந்தக் கைப்பழக்கம்தான் எந்த வரைபடத்திலும் கிடைக்காது. நான் பாய்லர் ஷாப்பில் சேர்ந்த முதல் மாதம், மேஸ்திரி என் கையில் ஒரு சின்னச் சுத்தியலைக் கொடுத்துத் தீப்பெட்டிக்குள் இறக்கிவிட்டார். உள்ளே வரிசை வரிசையாக, தீப்பெட்டிச் சுவரை வெளிக்கூட்டோடு பிணைக்கும் ஸ்டே போல்ட்டுகளின் தலைகள். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல போல்ட் கிண்ணென்று கேட்கும், சுத்தியல் துள்ளும். உள்ளே முறிந்த போல்ட் மண்பானை போல மொத்தென்று கேட்கும், சுத்தியல் அப்படியே அமுங்கி நிற்கும். நான் இருபது போல்ட் தட்டிவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். மேஸ்திரி வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவதைத் திரும்பத் தட்டு என்று அங்கிருந்தே சொன்னார். அது முறிந்திருந்தது.

செம்புத் தீப்பெட்டி சூட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், எஃகு அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்காது. அதனால் எஃகுக்கு மாறியவர்கள் ஸ்டே போல்ட்டின் மீது இன்னும் கூடுதலாகக் கண் வைத்திருக்க வேண்டும். அங்கே யார் தட்டிப் பார்க்கிறார்கள் என்று விசாரி.

நான், நண்பகல் 12:30
இப்போது அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கிறதே, பெரியப்பா?

பெரியப்பா, நண்பகல் 12:34
இருக்கட்டும் அம்மா. சுத்தியலும் இருக்கட்டும்.

மாமா, மாலை 4:10
தம்பி, நேற்றுப் பார்த்த எட்டுச் சக்கர எஞ்சினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. அதையும் இதே ஆட்கள்தான் கட்டுகிறார்களா?

அண்ணன், மாலை 4:42
ஆமாம் மாமா. அது பெப்பர்கார்னுக்கு முன்பு தலைமைப் பொறியாளராக இருந்த கிரெஸ்லி வடிவமைத்த பி2 வகை. எடின்பரோவிலிருந்து அபர்டீன் செல்லும் ஏற்ற இறக்கமான பாதையில் கனமான ரயில்களை ஒரே எஞ்சினால் இழுப்பதற்காக 1934 முதல் 1936 வரை ஆறு மட்டும் கட்டினார்கள். வளைவுகள் நிறைந்த அந்தப் பாதையில் கிராங்க் ஆக்ஸில், அதாவது சக்கரங்களைச் சுழற்றும் வளைந்த அச்சு, முறியும் தொல்லை இருந்தது. கிரெஸ்லி இறந்த பிறகு, 1943, 1944-ஆம் ஆண்டுகளில் ஆறையும் பிரித்து ஆறு சக்கரம் இழுக்கும் வகையாக மாற்றிவிட்டார்கள். இப்போது கட்டப்படுவது ஏழாவது, எண் 2007. டொர்னாடோவின் கொதிகலனை இதற்கும் மாற்றி வைத்துக்கொள்ளும்படி ஒரே வடிவில் அமைக்கிறார்கள்.

பெரியப்பா, மாலை 5:15
முறிந்த ஆக்ஸிலை எதற்காகத் திரும்பவும் செய்கிறார்கள்?

அண்ணன், மாலை 5:28
அப்படியே செய்யவில்லை. அந்தக் காலத்தில் கணக்கிட முடியாமல் போனதைக் கணினியில் ஓடவிட்டுப் பார்த்து, ஆக்ஸிலின் வடிவத்தையும் முன்சக்கர வண்டியின் அமைப்பையும் திருத்தியிருக்கிறார்கள். கிரெஸ்லிக்கு இன்னும் பத்து வருடம் கிடைத்திருந்தால் அவரே திருத்தியிருப்பார், அந்த வேலையைத்தான் நாங்கள் முடித்துவைக்கிறோம் என்று அங்கிருந்த தன்னார்வலர் ஒருவர் சொன்னார்.

பெரியப்பா, மாலை 6:02
அவர் சொன்னது சரியான பேச்சு. எஞ்சின் ஓடுவதற்கு முன்னால் கையெழுத்தான காகிதம்தான் வரைபடம்; ஓடிய பிறகு எது முறிந்தது, எத்தனை மைலில் முறிந்தது என்பதெல்லாம் பழுதுப் பதிவேட்டில்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவன்தான் கட்டத் தகுந்தவன். இனி யார் நகல் என்று சொன்னாலும் நான் உன் அத்தை கட்சி.

அடுத்த முறை போகும்போது ஒன்று கேட்டு வா. சக்கரத்தை ஆக்ஸிலில் ஏற்றிய பிறகு அது நழுவாமல் இருக்கச் சாவி என்ற இரும்புத் துண்டை அடிப்பார்களே, அந்தச் சாவிக்குழியின் மூலையைக் கூராக விட்டிருக்கிறார்களா, உருட்டி விட்டிருக்கிறார்களா? கூரான மூலையில்தான் கீறல் பிறக்கும்.

அண்ணன், மாலை 6:20
வரும் சனிக்கிழமை மறுபடி போகிறேன், பெரியப்பா. ஆனால் ஆக்ஸில் அடிச்சட்டத்துக்கு நடுவில் இருப்பதால் படத்தில் விழுமா என்று தெரியவில்லை.

பெரியப்பா, மாலை 6:24
குனிந்து எடு. பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து எடு, இல்லாவிட்டால் எனக்கு அளவு தெரியாது.