அம்மா தனியா இருக்காங்க, கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க, என்ன பண்ணலாம்?

வெண்ணாத்தங்கரை:
அம்மாக்கு 76. மன்னார்குடில எங்க பழைய ஓட்டு வீட்ல தனியா இருக்காங்க, அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு. நான் பெங்களூர், தங்கச்சி மஸ்கட். போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக எந்திரிச்சவங்க கொல்லைப்பக்கப் படியில சறுக்கி விழுந்துட்டாங்க, நல்லவேளை எலும்பு ஒண்ணும் முறியல, ஆனா காலைல வேலை செய்யற அக்கா வர்ற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தாங்களாம். என்கிட்ட மூச்சு விடல. நாலு நாள் கழிச்சு பக்கத்து வீட்டு மாமி சொல்லித்தான் தெரியும். இங்க வாங்கன்னா "பத்தாவது மாடில நான் யார்ட்ட பேசறது"ங்கறாங்க. ஹோம்னு வாயத் தொறக்கவே முடியாது. கேமரா வைக்கவா, ஆள் போடவா, எதுல ஆரம்பிக்கறது?

வார்டு சிஸ்டர்:
எலும்பு வார்டுல 14 வருஷமா நர்ஸா இருக்கேன், கேமராவுக்கு முன்னாடி கக்கூஸ பாருங்க. ராத்திரில கொல்லைக்குப் போறதே இருக்கக் கூடாது, உள்ளயே ஒரு மூலைல வெஸ்டர்ன் வெச்சு பக்கத்துல சுவத்துல துளை போட்டு ஸ்டீல் கம்பி அடிங்க (உறிஞ்சி ஒட்டற மாதிரி விக்கறாங்களே அத வாங்காதீங்க, வெயிட்ட குடுத்தா கையோட வந்துரும்). கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் நடுவுல சென்சார் லைட். உள்ள தாப்பா போட வேணாம்னு சொல்லுங்க. பிரஷர் மாத்திரை போடறாங்களா? படுத்துட்டு சட்டுனு எந்திரிச்சா சிலருக்கு பிரஷர் எறங்கி தலை சுத்தும், காலத் தொங்கப் போட்டு ஒரு நிமிஷம் உக்காந்துட்டு எந்திரிக்கச் சொல்லுங்க. தூக்க மாத்திரை இருந்தா டாக்டர்ட்ட கட்டாயம் சொல்லணும். கண்ணுல புரை இருக்கான்னும் பாத்துருங்க.

காரைக்குடி 74:
தம்பி, நானே தனியா இருக்கற ஆளுதான். என் மகன் ஹால்ல கேமரா மாட்டிட்டுப் போனான், நான் அதுமேல துண்டைத் தொங்க விட்டுட்டேன். எங்க வீட்ல வேற ஏற்பாடு. வாசல்ல பால் பை தொங்கும், ஏழு மணிக்கு மேலயும் பாக்கெட் அதுலயே கெடந்தா எதிர்த்த வீட்டு ஆச்சி வந்து தட்டுவாங்க, அவங்கள்ட்ட ஒரு சாவி இருக்கு. ரெண்டு தடவை தூங்கிப்போய்த் திட்டு வாங்கியிருக்கேன். பென்ஷனுக்கு நவம்பர்ல உயிர்ச்சான்று குடுக்க இப்ப பேங்க்குக்கும் போறதில்ல, போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கிக்கறாரு, 70 ரூபா.
உங்க அம்மா ஏன் சொல்லலன்னு யோசிச்சீங்களா? விழுந்தேன்னு சொன்னா மூட்டை கட்டிருவீங்கங்கற பயம்தான். நானும் ரெண்டு விஷயம் என் பையன்கிட்ட சொல்லல. கூட்டிட்டுப் போக மாட்டேன்னு முதல்ல வாக்கு குடுங்க, அப்புறம் பாருங்க.

கும்மோணம் எக்ஸ்பிரஸ்:
பெரியவர் சொன்னதுதான் சரி. கூட இதையும் குறிச்சுக்கோங்க: முதியோர் உதவி எண் 14567, காலைல 8 லேர்ந்து ராத்திரி 8 வரைக்கும், காசு கிடையாது. அவசரம்னா நேரா 108. தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 லேர்ந்து நடக்குது, பிரஷர், சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்கறாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுத்தா போதும். 70 தாண்டினவங்களுக்கு வருமானம் பாக்காம வருஷம் 5 லட்சம் வரைக்கும் ஆஸ்பத்திரி செலவுக்கு மத்திய அரசோட ஆயுஷ்மான் காப்பீட்டு கார்டு உண்டு, எந்த ஆஸ்பத்திரில செல்லும்னு இப்பவே விசாரிச்சு வைங்க, அவசரத்துல தேட முடியாது. இன்னொண்ணு, போலீஸ் மாதிரி பேசி "டிஜிட்டல் அரெஸ்ட்"னு மிரட்டி போன் வந்தா அது பணம் பறிக்கற மோசடி, கட் பண்ணச் சொல்லுங்க, பணம் போயிருச்சுன்னா உடனே சைபர் கிரைம் எண் 1930. எங்க பெரியம்மா அப்படித்தான் மூணு மணி நேரம் வீடியோ கால்ல உக்காந்திருந்தாங்க, கேஸ் சிலிண்டர் போடறவர் வந்து பெல் அடிச்சதாலதான் தப்பிச்சாங்க.

வெண்ணாத்தங்கரை:
எல்லாருக்கும் நன்றி. சனி, ஞாயிறு ஊருக்குப் போயிட்டு வந்தேன். நெல்லு மூட்டை அடுக்கற ரூம்ல கக்கூஸ் கட்ட கொத்தனார்ட்ட பேசியாச்சு, அது முடியற வரைக்கும் கொல்லைப்படிக்கு கம்பி அடிச்சு லைட்டும் போட்டாச்சு. "நான் என்ன நோயாளியா"ன்னு ஒரு சண்டை, மறுநாள் பாத்தா அந்தக் கம்பில ஈரத் துண்டு காயுது. மாமிகிட்ட சாவி குடுத்துட்டேன். காரைக்குடி ஐயா சொன்ன மாதிரி, பெங்களூர் பேச்சை இனிமே எடுக்க மாட்டேன்னு சொன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு, கீரை ஆஞ்சுகிட்டே, இது ரெண்டாவது தடவைன்னு சொன்னாங்க. முதல் தடவை தை மாசம், கிணத்தடில. இடது கண்ணு மங்கலாத்தான் தெரியுதாம். வர்ற செவ்வாய்க்கிழமை கண் டாக்டர்ட்ட போறோம், லீவு சொல்லிட்டேன்.