உழவுதான் மண்புழுவை ஒழித்ததா?

ஏர்முனை:
மண்புழு அருகிப்போனதற்கு உழவு ஒன்றே காரணம், உரமும் மருந்தும் பொருட்டல்ல என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக உழுதுவந்த நிலங்களிலும் புழு இருந்துகொண்டுதானே வந்தது?

வேரடி:
சொன்னவன் நான்தான், மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லை. ஆழத்தில் வாழும் புழு ஒரு மீட்டருக்கும் கீழே செங்குத்தாக வளை தோண்டி அதிலேயே நிலையாகக் குடியிருக்கிறது. இரவில் மேலே வந்து, உதிர்ந்த இலையை நுனியில் பற்றி உள்ளே இழுத்துச் செல்கிறது. கலப்பையின் கொழுமுனை அந்த வளையின் வாயைச் சிதைத்து, இலைகளையும் புரட்டிப் புதைத்துவிட்டால், இருப்பிடமும் உணவும் ஒருசேரப் போய்விடுகின்றன.

ஏர்முனை:
அது ஒரு வகை மட்டுமே. மேல்மண்ணுக்குள் பக்கவாட்டில் துளைத்து, மண்ணையே தின்று வாழும் வகைக்கு அறுவடைக்குப் பின் எஞ்சி உழவில் புதையும் தாளடி உணவாகிறது. சில வயல்களில் உழவுக்குப் பின் அவை பெருகவும் செய்கின்றன. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1856இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் புல்வெளிச் சோதனையில் ஏர் படுவதே இல்லை. ஆனாலும் சுண்ணாம்பு சேர்க்காமல் அம்மோனியம் சல்பேட் உரத்தைத் தொடர்ந்து இட்ட பாத்திகளில் மண் கடுமையாக அமிலமாகி, புழு அற்றுப்போய், மக்காத புல் மெத்தைபோல் தேங்கிக் கிடக்கிறது. அதற்கு எந்தக் கலப்பை காரணம்?

ஈரமண்:
நீங்கள் இருவரும் எந்த உழவைச் சொல்கிறீர்கள்? மண்ணைப் புரட்டும் ஆழ உழவா, மேலாகக் கிளறுவதா?

வேரடி:
உழவு என்றால் உழவுதான். நிலையான மேய்ச்சல் நிலத்தில் கிடைக்கும் புழுக்கள், ஆண்டுதோறும் உழுது பயிரிடும் வயலில் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் பல மடங்கு. தழைக்கூள விவாதத்திலும் ஏர்முனை இப்படித்தான் ஒரு விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் மறக்கவில்லை.

ஏர்முனை:
பழைய கணக்கை ஏன் இழுக்கிறீர்கள்? தாமிரப் பூஞ்சைக்கொல்லியைப் பல்லாண்டுகள் தெளித்த பழத்தோட்டங்களில், தாமிரம் மேல்மண்ணில் தங்கிப் புழுக்களைக் குறைத்தது. அங்கும் கலப்பையா வந்தது?

தழைமேடு:
இத்தனை சண்டை எதற்கு? உரத்தொட்டியில் வளரும் சிவப்புப் புழுக்களை வயலில் விட்டால் போதுமே.

வேரடி:
போதாது. அது சாணத்திலும் மட்கும் குப்பையிலும் வாழும் மேற்பரப்பு வகை. கரிமப் பொருள் குறைந்த வெற்று வயலில் நிலைக்காது. இதுகூடத் தெரியாமல் பேசுகிறவர்கள்தாம் வறட்சியில் நாலு மண்வெட்டி மண்ணைப் புரட்டிவிட்டுப் புழுவே இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். வறட்சிக் காலத்தில் சில வகைகள் மண்ணுக்குள் சிறு அறை அமைத்து, அதன் சுவரில் கோழை பூசி, உடலை முடிச்சாகச் சுருட்டிக்கொண்டு ஈரம் திரும்பும்வரை கிடக்கின்றன. அந்த அறையையும் உடைப்பது உழவுதான்.

தழைமேடு:
எனக்குத் தெரியாது என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

ஏர்முனை:
அவரை விடுங்கள். மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.5க்குக் கீழே இறங்கி அமிலம் கூடினால் பெரும்பாலான மண்புழு வகைகள் தாங்குவதில்லை; உழாத மண்ணிலும் அப்படித்தான். இதற்குத்தான் வேரடி வாய் திறக்கவில்லை.

ஈரமண்:
என் கேள்விக்கும் இதுவரை பதில் இல்லை.

வேரடி:
உழுத நிலத்தையும் உழாத நிலத்தையும் அருகருகே, மழைக்குப் பின் ஒரே நாளில் தோண்டுங்கள். குழியில் கடுகுத்தூள் கரைத்த நீரை ஊற்றி, ஆழத்துப் புழுக்களையும் மேலே வரவழைத்து எண்ணுங்கள். அதுவரை நான் சொன்னது சொன்னதுதான்.

ஏர்முனை:
எண்ணுவதற்கு முன் இரண்டு நிலங்களின் பி.எச். அளவையும் எடுத்து இங்கே போடுங்கள்.