ஆறு பேர், எட்டாயிரம் ரூபாய்: ஏற்காட்டில் ஓர் இரவு தங்கலாமா?

கேள்வி – அஸ்தம்பட்டிக்குப் புதியவள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சேலத்துக்குக் குடிவந்து ஓராண்டுதான் ஆகிறது. மே மாத முதல் வாரத்தில் என் மாமனாரும் மாமியாரும் திருத்துறைப்பூண்டியிலிருந்து வருகிறார்கள். வயலும் வாய்க்காலும் பார்த்தே வாழ்ந்த அவர்கள் இருவரும் இதுவரை ஒரு மலை மீதும் ஏறியதில்லை. ஊட்டிக்குப் போகலாம் என்றுதான் வீட்டில் முதலில் பேச்சு எழுந்தது. ஆனால் அங்கே 2024 மே மாதம் முதல் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டியிருப்பதும், பயணத்திலேயே ஒரு நாள் போய்விடும் என்பதும் சேர்ந்து, கண்ணெதிரே நிற்கும் சேர்வராயன் மலையை விட்டுவிட்டு எதற்கு அவ்வளவு தூரம் என்று முடிவு செய்தோம்.

நாங்கள் இருவர், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், பெரியவர்கள் இருவர், ஆக ஆறு பேர். மாமியாருக்கு மூட்டுவலி உண்டு. தட்டையான இடத்தில் நடப்பார், படி இறங்கமாட்டார். இளையவனுக்குப் பேருந்தில் வாந்தி வரும். எல்லாச் செலவும் சேர்ந்து எட்டாயிரம் ரூபாயைத் தாண்டக்கூடாது. சனிக்கிழமை காலை கிளம்பி, ஓர் இரவு தங்கி, ஞாயிறு மாலை இறங்கலாமா, வாடகை வண்டி எடுப்பதா, பேருந்தே போதுமா என்பதைப் போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி – ஓய்வுபெற்ற நடத்துநர்

அம்மா, அந்த மலைப்பாதையில் பல ஆண்டுகள் பேருந்தில் சீட்டுக் கிழித்தவன் நான். ஆகவே போக்குவரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சேலம் புதுப் பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காட்டுக்கு நாள் முழுவதும் பேருந்துகள் உண்டு. சுமார் 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஆறு பேரும் போய்வர ஆகும் பேருந்துக் கட்டணம், ஒரு நாள் வாடகை வண்டிக்குக் கொடுப்பதில் சிறு பங்குதான். எட்டாயிரத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் நீங்கள் முதலில் விடவேண்டியது வாடகை வண்டியைத்தான்.

அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கும். சிறுவனை முன்பக்க இருக்கையில், சன்னலோரம் அமர்த்தி, அந்தப் பலகைகளை எண்ணச் சொல்லுங்கள். கண் வெளியே தூரத்தில் இருந்தால் குமட்டல் குறையும். கைப்பேசியைக் கையில் கொடுத்தால் நான்காவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம், பால் வேண்டவே வேண்டாம். முன் இருக்கை கிடைக்க வேண்டுமென்றால் வழியில் ஏறாமல், பேருந்து புறப்படும் இடத்துக்கே சென்று ஏறுங்கள்.

சொந்த வண்டியில் போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லி வைக்கிறேன்: எந்தக் கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும், ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வண்டிகளில் சக்கரம் புகைந்து ஓரங்கட்டி நின்றதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு, அது குறுகலானது. கோடைவிழா போன்ற கூட்ட நாட்களில் அடிவாரம் வழியாக ஏறவிட்டுக் குப்பனூர் வழியாக இறக்கிவிடுவதும் உண்டு.

மறுமொழி – தோட்டத்துக் கணக்கர்

ஏற்காட்டிலேயே காபித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் எனக்கு, உங்கள் கேள்வியில் உறுத்தியது ‘சனிக்கிழமை’ என்ற சொல்தான். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார்கள் வெள்ளிக்கிழமை இரவே கிளம்பிவிடுகின்றன. மே மாதச் சனிக்கிழமையில் ஏரிக்கரையில் நிற்க இடமிருக்காது. அறை வாடகையும் அன்றைக்கென்று தனியாக ஏறும். அதே அறைக்குச் செவ்வாய்க்கிழமை என்ன வாடகை என்று தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள், நான் ஏன் சொல்கிறேன் என்பது விளங்கும். உங்கள் கணவருக்கு ஒரு நாள் விடுப்புக் கிடைக்குமானால், அந்த விடுப்புதான் இந்தப் பயணத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய தள்ளுபடி.

குளிரைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வந்த பிறகு ஏமாற வேண்டாம். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, சேலத்தில் 38 டிகிரி கொளுத்தும் நண்பகலில் இங்கே 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியின் குளிரை மே மாதப் பகலில் இங்கே எதிர்பார்க்கக்கூடாது. ஆனால் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் விடியற்காலையிலும் சில்லென்ற காற்று இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு கம்பளி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் போதும். கோடை மழை பெய்தால் மூடுபனி இறங்கி, எதிரில் இருப்பவர் முகமே தெரியாத நாட்களும் உண்டு.

இனி இடங்கள். ஏரியும், அதன் பெயரையும் காட்டின் பெயரையும் சேர்த்தே ஊருக்குப் பெயர் வந்தது என்பார்கள், அதனருகே உள்ள அண்ணா பூங்காவும் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில்தான் உள்ளன. உங்கள் மாமியாருக்கு ஏற்றவை. லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் மூன்றும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பதால் ஆட்டோ ஒன்று பேசிக்கொண்டால் சேர்த்தே பார்த்துவிடலாம். அங்கிருந்து கீழே சேலம் நகரமும் நீங்கள் ஏறிவந்த வளைவுகளும் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணை நீரும் வெள்ளிக்கோடாகத் தெரியும். விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் அங்கே இருந்து பாருங்கள், அஸ்தம்பட்டி எங்கே என்று பெரியவர் தேடத் தொடங்கிவிடுவார்.

கிளியூர் அருவியை மே மாதத்தில் மறந்துவிடுங்கள். ஏரி நிரம்பி வழியும் நீர்தான் அங்கே விழுகிறது; மழை இல்லையென்றால் பாறைதான் இருக்கும், அதற்காகச் செங்குத்தான படிகளில் இறங்கி ஏறவும் வேண்டும். சேர்வராயன் கோயில் மலையின் உச்சியில், 5,326 அடி உயரத்தில் இருக்கிறது. குகைக்குள் குனிந்து போக வேண்டியிருப்பதால் மாமியார் வெளியே பரந்த வெளியில் காற்று வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கலாம். மாமனார் உள்ளே போய்ச் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட்டு வரட்டும். மூத்த பிள்ளைக்கு ஆர்வமிருந்தால், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963 முதல் நடத்திவரும் ஆர்க்கிட் தோட்டத்தில் பூச்சி தின்னும் குடுவைச் செடியைக் காட்டுங்கள். காபி பறிப்பைப் பார்க்கவேண்டுமென்றால் மட்டும் நவம்பருக்கு மேல்தான் வரவேண்டும். மே மாதத்தில் பச்சைக் காய்தான் இருக்கும்.

மறுமொழி – சேலம் ஜங்ஷன்

மேலே இருவரும் சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சேலத்திலேயே வீடு வைத்துக்கொண்டு ஏற்காட்டில் அறை எடுப்பது எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. சென்ற ஆண்டு நாங்கள் ஐந்து பேர் ஒரு விடுதியில் தொலைபேசி வழியாக அறை பேசி வைத்தோம். போய் இறங்கியதும், கூடுதல் ஆளுக்குத் தனி, கூடுதல் படுக்கைக்குத் தனி, வெந்நீர் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். பேசிய தொகை ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. அதை விட, காலை முதல் பேருந்தில் ஏறி, கையில் புளியோதரையும் தயிர்ச்சாதமும் கொண்டுபோய், ஏரிக்கரையில் ஒரு பஜ்ஜி தின்று, மாலையில் இறங்கி, பழைய பேருந்து நிலையப் பக்கம் ஒரு தட்டுவடை செட்டோடு வீடு சேர்ந்தால் மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். மீதிக்கு மல்கோவாவும் இமாம் பசந்தும் வாங்கிப் பெரியவர்களுக்குக் கொடுத்தனுப்புங்கள். மே மாதத்தில் சேலத்துக்கு வந்துவிட்டு மாம்பழம் இல்லாமல் ஊர் திரும்பலாமா?

மறுமொழி – தோட்டத்துக் கணக்கர்

ஜங்ஷன்காரர் சொல்வதில் பணக்கணக்கு சரி. ஆனால் காலை பத்து மணிக்கு ஏறி மாலை ஐந்து மணிக்கு இறங்குபவர் பார்ப்பது ஏற்காட்டின் வெயிலையும் கூட்டத்தையும்தான். கடைசிப் பேருந்து இறங்கிய பிறகுதான் ஊர் அமைதியாகும்; விடியலில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கிடையே பனி நகர்வதைப் பகலில் வருபவர் காணமாட்டார். மலையே பார்க்காத இருவருக்காகப் போகிற பயணம் என்பதால் ஓர் இரவு தங்கச் சொல்கிறேன். உங்கள் குடும்பம் மட்டும் போவதென்றால் நானும் ஒரு நாள் போதும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அறை பேசும்போது ஆறு பேர் என்பதையும், அதில் இருவர் பிள்ளைகள் என்பதையும் சொல்லி, வரி சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில், ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது, கேட்டுப் பெறுங்கள். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு ஏரிக்கு அருகிலேயே இருக்கிறது. அதன் இணையதளத்தில் வாடகையைப் பார்த்துவிட்டு மற்ற விடுதிகளோடு ஒப்பிட்டால், யார் கூட்டிச் சொல்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். படியேறாத தரைத்தள அறை வேண்டுமென்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. என் கணவர் புதன்கிழமை விடுப்புக் கேட்டுவிட்டார். செவ்வாய் பிற்பகல் அவர் வேலை முடித்து வந்ததும் கிளம்பி, மாலை விளக்கொளியையும் மறுநாள் விடியலையும் பார்த்துவிட்டுப் புதன் மாலை இறங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். இரண்டு அறைகளுக்கு மூவாயிரத்து இருநூறு என்று ஓரிடத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமைக்குக் கேட்டபோது அதே இடத்தில் ஐயாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோகிறோம். இறங்கும்போது பேருந்துக்கு ஏரிக்கரையிலேயே நின்று கைகாட்டினால் நிறுத்துவார்களா?

மறுமொழி – ஓய்வுபெற்ற நடத்துநர்

நிறுத்தினாலும் உட்கார இடம் கிடைக்காது, அம்மா. மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். மூட்டுவலிக்காரரை 20 வளைவுக்கும் நிற்க வைக்க வேண்டாம். பேருந்து நிலையத்துக்கே வந்து, நான்கு மணிக்கு முன்பாக ஏறி அமர்ந்துவிடுங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை மட்டும் போய் இறங்கியதுமே அங்குள்ள நேரக்காப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.